உன் வயிறும் என் காலும்

பாப்பா,

போன வெள்ளிக்கிழமை நீ போனில் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை இப்படிப் பேனாவும் கையுமாக உட்கார வைத்திருக்கிறது. யாழினி பள்ளி வேனில் மூன்றாவது முறையாக வாந்தி எடுத்துவிட்டாள் என்றாய். யூனிஃபார்ம், பை, பக்கத்தில் இருந்த பையனின் ஷூ எல்லாம் நாசம் என்றாய். அப்புறம் லேசாகச் சிரித்துக்கொண்டே, "என் வயிறு அப்படியே இவளுக்கும் வந்திருச்சுப்பா. பொறந்த வாகு, என்ன பண்றது? இனிமே வேன் வேணாம். நடந்து போற தூரத்துல ஏதாவது ஸ்கூல் பார்த்துடறேன்" என்றாய். நான் "சரிம்மா" என்றேன். உன்னிடம் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. நேரில் சொல்ல இரண்டு முறை உன் வீட்டுக்கு வந்து, காபி மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பஸ் ஓட்டிய காலத்தில் டிரிப் ஷீட் தவிர வேறெதுவும் எழுதிப் பழகாதவன் நான். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி.

நான் எப்படிப்பட்ட டிரைவராக இருந்தேன் என்பது உனக்கு முழுதாகத் தெரியாது. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் போகும் வண்டி எனக்கு. டிப்போவில் என் பெயரைச் சொன்னால் "காத்து மாதிரி வருவான்" என்பார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. ஓட்டும் நேரம் குறைவு, ரோடோ ஆக்கிரமிப்பு, முன்னால் ஷேர் ஆட்டோ, பின்னால் இன்னொரு பஸ் என்று காரணம் ஆயிரம் சொல்லலாம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அதே ரோட்டில், அதே நேரத்தில் வேறு மாதிரி ஓட்டியவர்களும் இருந்தார்கள். எனக்கு முன்னால் இடம் தெரிந்தால் போதும், ஆக்சிலரேட்டரை அழுத்துவேன். அந்த இடம் முடியும்போது பிரேக்கை ஒரே மிதி. ஸ்டாப்பிங்கில் ஆள் ஏறி முடிவதற்குள் கிளட்சை விட்டுவிடுவேன். நின்றுகொண்டிருப்பவர்கள் கம்பியைப் பிடிக்கத் தவறினால் அது அவர்கள் தப்பு என்று நினைத்தேன். வண்டியை ஓட்டுவதுதான் என் வேலை என்றும், உள்ளே இருப்பவர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் பத்தொன்பது வருஷம் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு சோழிங்கநல்லூரில் இருந்த மாமா வீட்டுக்குப் போவாள். அப்பா வண்டியில்தான் போக வேண்டும் என்று நீ அடம் பிடித்து, அரை மணி ஆனாலும் சேலையூர் ஸ்டாப்பிங்கில் காத்திருந்து என் வண்டியில் ஏறுவாய். எனக்கு இடதுபுறம், இன்ஜின் மூடிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நான் கியர் மாற்றும்போதெல்லாம் நீயும் கையால் காற்றில் கியர் மாற்றுவாய். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டினால் உன் கை நின்றுவிடும். கொட்டாவி விட ஆரம்பிப்பாய். உதடு வெளுக்கும். சந்தோஷபுரம் வருவதற்குள் உன் அம்மா பிளாஸ்டிக் கவரைப் பிரிப்பாள். அது சில நாள் உதவும், சில நாள் உதவாது.

ஒருநாள் மேடவாக்கம் கூட்ரோட்டில் ஒரு லாரியை முந்தப் போய் முடியாமல் சட்டென்று பிரேக் அடித்தேன். நீ இன்ஜின் மூடி மேலேயே வாந்தி எடுத்துவிட்டாய். சூட்டில் நாற்றம் வண்டி முழுக்கப் பரவிவிட்டது. யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார்கள். கண்டக்டர் தண்ணீர் ஊற்றினார். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் உன் அம்மாவிடம், "இவளை எதுக்கு என் வண்டியில கூட்டிட்டு வந்து மானத்தை வாங்கற?" என்றேன். உனக்கு அப்போது ஆறு வயது. உனக்குக் கேட்காது என்று நினைத்தேனா, கேட்டால்தான் என்ன என்று நினைத்தேனா, இப்போது யோசித்தால் தெரியவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு நீ ஏறியதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாய். என்னையே பார்த்துக்கொண்டு வந்தாய். அதற்கப்புறம் நீ என் வண்டியில் ஏற வேண்டும் என்று கேட்கவே இல்லை.

உன் அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. எலுமிச்சம்பழம், இஞ்சி, ஓமத்தண்ணீர், வெறும் வயிறு, நிறைந்த வயிறு எல்லாம் பார்த்தாள். டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதைப் போட்டால் நாள் முழுக்கத் தூங்குவாய். ஐந்தாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவுக்கு உன்னை அனுப்பவில்லை. டீச்சரிடம் நான்தான் போய், அவளுக்கு வண்டி ஒத்துக்காது என்று சொன்னேன். நீ என் பக்கத்தில் நின்று, ஆமாம் மிஸ் என்று தலையாட்டினாய். அப்போதெல்லாம் நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். அதுவரை செய்ததற்குத் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வழி இருக்கிறது. இனிமேல் சொல்லப்போவதற்கு அந்த வழியும் இல்லை.

உனக்குப் பத்து வயது நடந்தபோது, என் வார ஓய்வு நாளில் மூன்று பேரும் கோவளம் கடற்கரைக்குப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? தாம்பரத்தில் ஏறிய வண்டியை ஓட்டியது ஞானம். பல்லாவரத்துக்காரன், என்னோடு ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டுக்குக் கேக் கொண்டுவருவானே, அவன்தான். வண்டலூர், கண்டிகை, கேளம்பாக்கம் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். நீ கவரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். கண்டிகை வந்தது, நீ அம்மாவிடம் முறுக்கு கேட்டாய். கேளம்பாக்கத்தில் உப்பளத்தைப் பார்த்து அது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தாய். கோவளத்தில் இறங்கியதும் மடிப்புக் கலையாத கவரை என்னிடம் நீட்டி, "அப்பா, இன்னிக்கு எனக்கு வாந்தியே வரலப்பா" என்றாய். உன் முகத்தில் இருந்த அந்த ஆச்சரியம் இப்போதும் எனக்குத் தெரிகிறது.

பாப்பா, எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. நான் டிரைவர். வண்டியில் ஏறி உட்கார்ந்தால் ஓட்டுகிறவன் கால் எப்போது எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். ஞானம் ஒரு இடத்தில்கூட வண்டியைக் குலுக்கவில்லை. சிக்னல் சிவப்பாவதைத் தூரத்திலேயே பார்த்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவில் ஒரே சீராகப் போனான். நானும் அன்று வழியெல்லாம் அதைக் கவனித்துக்கொண்டுதான் வந்தேன். நீ சொன்னதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "கடல் காத்துக்கு அப்படித்தான் இருக்கும்" என்றேன். கேளம்பாக்கம் வரை கடல் காற்று ஏது? நீ நம்பினாய். அப்பா சொன்னால் நம்புகிற வயது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். திரும்பி வரும்போது வேறு வண்டி. என்னைப் போலவே ஓட்டுகிறவன். கண்டிகை தாண்டுவதற்குள் நீ இரண்டு முறை எடுத்துவிட்டாய். அம்மா உன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது என் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அப்பாடா, இது அவள் உடம்புதான், என் ஓட்டு இல்லை என்று. பெற்ற பிள்ளை வாந்தி எடுப்பதைப் பார்த்து நிம்மதிப்பட்டவன் நான். அது பொய் என்று தெரிந்தேதான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு நீ வளர்ந்தாய். கல்லூரிக்குக் காட்டாங்குளத்தூர் போகவேண்டியிருந்தபோது ரயில் இருந்தது, ரயில் உனக்கு ஒன்றும் செய்யவில்லை. அதையும் நான் பார்த்தேன். கடைசி வருஷம் கல்லூரிக்கே வந்து ஆளெடுத்தார்கள், சிறுசேரியில் பெரிய கம்பெனி. உன் வகுப்பில் நான்கு பேருக்குக் கிடைத்தது, அதில் நீ ஒருத்தி. அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து ஆர்டரை என் கையில் கொடுத்தாய். மூன்றாம் நாள், "வேணாம்பா. கம்பெனி பஸ்ல ஒரு மணி நேரம். புது ஆளுங்க முன்னாடி வாந்தி எடுத்துட்டு என்னால போய் உக்கார முடியாது. எனக்குத்தான் ஒத்துக்காதே" என்றாய். உன் அம்மா அழுதாள். அவள் உடம்பு அப்படி, யாரைக் குறை சொல்வது என்றாள். நான் "சரிம்மா" என்றேன். என் வாயில் அத்தனையும் இருந்தது. பாப்பா, உன் உடம்புக்கு ஒன்றுமில்லை, நல்லா ஓட்டுகிற வண்டியில் நீ முறுக்கு தின்றுகொண்டு போனாய், ஒரு வாரம் முயற்சி செய்து பார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மேடவாக்கம் கூட்ரோட்டில் நான் சொன்ன வார்த்தைக்கும் பதில் சொல்லவேண்டி வரும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். நீ நடந்து போகிற தூரத்தில் கேம்ப் ரோடு ஆடிட்டர் ஆபீசில் சேர்ந்தாய். நல்ல வேலைதான், நல்ல மனிதர்கள்தான். ஆனால் அது நீ தேர்ந்தெடுத்தது இல்லை. என்னுடைய மௌனம் உனக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

நீ அந்த ஆபீசுக்குப் போன முதல் நாள் நான் டூட்டி முடிந்து ஞானத்தைத் தேடிப் போனேன். டிப்போ வாசல் டீக்கடையில் எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் இந்தக் கதையை நான் சொன்ன முதல் ஆள் அவன்தான். எப்படி ஓட்டுகிறாய், சொல்லிக்கொடு என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. "கண்ணாடில தலைங்கள பாரு மச்சான்" என்றான். "பிரேக் போடும்போது உள்ள இருக்கிற தலை எல்லாம் ஒண்ணா முன்னால வந்தா, அது ரோடு பண்ணது இல்ல, உன் கால் பண்ணது. மிதிக்கிறது எல்லாருக்கும் வரும். வண்டி நிக்கறதுக்கு ஒரு செகண்டு முன்னால பிரேக்க கொஞ்சம் விடணும். அதான் வராது." அவ்வளவுதான் அவன் சொன்னது. அது என் காலுக்கு வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. அதுவரை ரோட்டுக்கும் பக்கத்தில் வருகிற வண்டிக்கும் மட்டுமே கண்ணாடி பார்த்தவன், முதல் முறையாக உள்ளே பார்த்து ஓட்டினேன். எத்தனை பேர் முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி ஒவ்வொரு ஸ்டாப்பிங்குக்கும் முன்னால் வயிற்றில் கை வைத்துக்கொள்வதைப் பார்த்தேன். இப்படி எத்தனை ஆயிரம் பேர் என் முதுகுக்குப் பின்னால் பயந்துகொண்டே வந்திருப்பார்கள்?

அப்புறம் ஒருநாள் சோழிங்கநல்லூரில் மீன் கூடையோடு வழக்கமாக ஏறும் கோவளத்து அக்கா இறங்கும்போது என் பக்கம் வந்து, "இன்னா டிரைவரே, உடம்பு கிடம்பு சரியில்லியா? ஒரு மாசமா கூடைத் தண்ணி எம்மேல சிந்தவே இல்ல" என்றது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன் அக்கா என்றேன். நேரம் பார்த்தேன். முன்பு போய்ச் சேர்ந்த அதே நேரம், இரண்டு நிமிஷம் கூடக் குறைய. அத்தனை வருஷம் எல்லாரையும் உலுக்கி எடுத்து நான் சம்பாதித்தது அந்த இரண்டு நிமிஷம்தான். வேலையின் கடைசி ஒன்பது வருஷம் நான் ஓட்டிய வண்டியில் நீ ஒருநாளும் ஏறவில்லை. கூப்பிடலாம் என்று பலமுறை நினைத்தேன். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பாயே.

இந்த வாரம் நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை ஊரில் இல்லை, உனக்கு ஆபீசில் கணக்கு முடிக்கிற நேரம், நான் வந்து யாழினியைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். ஆட்டோவில் போகிறோம் என்று நீ நினைத்துக்கொண்டாய். நான் திருத்தவில்லை. திங்களும் செவ்வாயும் அவளை டவுன் பஸ்ஸில் கூட்டிப்போனேன். புதிதாக வந்திருக்கும் தாழ்தளப் பஸ். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், ஜன்னல் ஓரம், முன்னால் ரோடு தெரிகிற மாதிரி உட்காரவைத்தேன். டிரைவர் நிதானமான ஆள். யாழினி வழியெல்லாம் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். இரண்டு நாளும் ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமை பள்ளி வேனிலேயே அவளோடு ஏறினேன். வேன்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். இரண்டாவது வேகத்தடையில் பலகை படிப்பது நின்றது. கொட்டாவி வந்தது. உதடு வெளுத்தது. பாப்பா, அது உன் முகம். நான் தம்பியிடம் ஓரமாக நிறுத்தச் சொல்லி அவளைக் காற்றில் இரண்டு நிமிஷம் நிற்கவைத்தேன்.

அவளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். "எட்டரைக்குள்ள ரெண்டு டிரிப் அடிக்கணும் சார். லேட்டானா ஸ்கூல்ல திட்டு, சீக்கிரம் போனா பேரன்ட்ஸ் திட்டு. நான் இன்னா பண்ணட்டும்?" என்றான். எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. பத்தொன்பது வருஷம் நான் சொன்ன பதில் அது. என் கதையைச் சுருக்கமாக அவனிடம் சொல்லி, ஞானம் சொன்னதையும் சொன்னேன். நேற்று வாசலில் பார்த்தபோது, "டிரை பண்ணேன் சார், கஷ்டமாத்தான் கீது" என்று சிரித்தான். அவன் மாறுவானா, தெரியாது. மாறாவிட்டால் வேறு வேன் பார்ப்போம், பஸ்ஸில் போவோம், என் கால் நன்றாக இருக்கும்வரை நான் கூட்டிப்போகிறேன். பள்ளியை மட்டும் இதற்காக மாற்றாதே. சில பிள்ளைகளுக்குக் காதுக்குள் வண்டி ஆட்டத்தை உணர்கிற இடம் கொஞ்சம் மென்மையாக இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உனக்கும் அவளுக்கும் அது கொஞ்சம் இருக்கலாம். அது காரணமாக இருந்தாலும், அதை ஒரு குறையாக்கி உன் தலையில் ஏற்றியவன் நான். யாழினியிடம் உன் வயிறு அப்படி என்று சொல்லாதே. ஆறு வயதில் கேட்டதை மனுஷர்கள் முப்பது வயதிலும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

உனக்கு அறிவுரை சொல்லும் யோக்கியதை இதற்குப் பிறகு எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் புத்தி, ஒன்றே ஒன்று. நம் கையில் இருப்பவர்களுக்கு ஏதாவது கஷ்டம் என்றால் முதலில் நம் கையைப் பார்க்க வேண்டும். அவர்கள் உடம்பையும் குணத்தையும் குறை சொல்வது சுலபம், நமக்கு ஒன்றும் செலவில்லை. எனக்குச் செலவாகாதது எல்லாம் உனக்குச் செலவானது. சிறுசேரி வேலையை நான் திருப்பித் தர முடியாது. அந்தச் சுற்றுலாவை, வாயைப் பொத்திக்கொண்டு நீ உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமையை, எதையும் தர முடியாது. மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். அது நீ எனக்குச் செய்யவேண்டிய இன்னொரு வேலை மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். கோபம் வந்தால் கோபப்படு, பாப்பா. எத்தனை நாள் வேண்டுமானாலும்.

இதுவரை எழுதியதை முதலில் உன் அம்மாவுக்குத்தான் படிக்கக் கொடுத்தேன். உன் துணிகளைத் துவைத்தவள் அவள், உன் தலையைப் பிடித்தவள் அவள், உன் உடம்பு தன்னிடமிருந்துதான் வந்தது என்று இத்தனை வருஷம் தன்னையே நொந்துகொண்டவளும் அவள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படித்தாள். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "கோவளத்துலயே தெரியுமா உனக்கு?" என்றாள். ஆமாம் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். விளக்கு வைத்த பிறகு வந்து, தபாலில் எல்லாம் போட வேண்டாம் என்றாள். "நானே எடுத்துட்டுப் போறேன். இதை அவ படிக்கும்போது பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும்" என்றாள்.

அதனால்தான் இப்போது அம்மா உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். நான் கீழே, உங்கள் அபார்ட்மெண்ட் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். கூப்பிட்டால் மேலே வருகிறேன். கூப்பிடாவிட்டாலும் அம்மா இறங்கி வரும்வரை இங்கேதான் நிற்பேன்.

அப்பா